கரையில் நின்ற அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இந்தக் குற்றாலச் சாரல் காலத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. "அத்தை, நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, நல்லதா மட்டும் எழுதுங்க" என்று அண்ணன் மகன் கேட்டான். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால், "எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்து மறைந்தார்" என்று அட்டையில் போடப்போவதாகச் சொன்னான் பாருங்கள், அந்த வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அக்கா வீரகேரளம்புதூரில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது அண்ணன், கடைசியில் நான். நிலபுலன், திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கும் கோயில் மண்டகப்படி என்று பேர் பெற்ற குடும்பம். அம்மா படுத்த படுக்கையான பிறகு வீட்டையே அக்காதான் சுமந்தார். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். பிள்ளை இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பெண்களின் சீர்ப் பாத்திரம் அக்கா எடுத்துக் கொடுத்ததுதான். "இந்தக் குத்துப்போணி வேண்டாம், அடி கனம் பத்தாது. அங்கன இருக்கதை எடு" என்பார். மறுபேச்சு கிடையாது.

அத்தான் மாரடைப்பில் போனதும், அண்ணன் கடையைக் கைமாற்றிவிட்டு அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். "அக்கா, நீ உழைச்சது போதும். இனிமே சும்மா இரு" என்றார். பாசத்தோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாடியில் தனி அறை, கட்டில், மூன்று வேளையும் தட்டு மேலே போய்விடும். காய் நறுக்க உட்கார்ந்தால் மதினி கத்தியை வாங்கிக்கொள்வார். கடைத்தெருவுக்குக் கிளம்பினால் "எதுக்குக்கா வெயில்ல?" வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எல்லாம் பேசி முடித்த பிறகு அக்காவுக்குத் தகவல் போகும். கொஞ்ச நாளில் அக்கா தூக்கத்தை விட்டார், பிறகு சாப்பாட்டை, பிறகு பேச்சையும் விட்டார். ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்துபோய் அறைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றினார்கள். ஒரு மனுஷி தனியாக அழக்கூட இடம் இல்லாமல் போயிற்று.

அப்போது நான் ஆலங்குளத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டு வந்து சண்டை போட்டேன். "அக்காவுக்கு என்னட்டி கொற? வேளாவேளைக்குச் சாப்பாடு, தனி ரூம்பு, ஃபேனு. இன்னும் என்ன வேணும்ங்கே?" என்றார் அண்ணன்.

திருநெல்வேலியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். "மாத்திரை தூங்க வைக்கும். முழிச்சிருக்க நேரத்துக்கு நீங்கதான் ஏதாவது செய்யணும். அவங்க கையில ஒரு வேலையைக் குடுங்க, அவங்ககிட்ட யோசனை கேளுங்க" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது, "மாத்திரை எந்தக் கடையில கிடைக்கும்?" எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

சொந்தத்தில் யாரோ, "குற்றாலத்துல தலை நிறைய எண்ணெய் வச்சு அருவியில நிப்பாட்டுங்க, சித்தம் தெளியும்" என்றார்கள். அது எங்கள் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அந்த யோசனையை மட்டும் அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாரல் காலம் முழுக்க, மதினியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, பெண்கள் பக்கம் அக்காவைத் தண்ணீருக்குள் நிறுத்துவோம். அக்கா மரம் மாதிரி நிற்பார்.

ஒருநாள் குளித்து முடித்துக் கரையில் நிற்கும்போது, வெளியூர்ப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்தாள். கூட வந்தவர்கள் எல்லாம் அருவிக்குள் போய்விட்டார்கள் போல. "யக்கா, கொஞ்சம் பிள்ளையப் பிடிங்க" என்று கைக்குழந்தையை அக்காவிடம் நீட்டி, பையையும் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மதினி பதறி வாங்கப் போனார். அக்கா கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏட்டி, பிள்ளைக்குத் தலை ஈரமா இருக்கு. துண்ட எடு" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அக்கா பேசிய முழு வாக்கியம் அது. அந்தப் பெண் ஆடி அசைந்து திரும்பி வந்ததும், "இவ்வளவு நேரமா குளிப்பே? பிள்ள பசிச்சு அழுவுதுலா!" என்று ஒரு அதட்டல் வேறு. நான் ஈரச்சேலையோடு நின்று அழுதேன்.

அதன்பிறகு அக்கா தண்ணீருக்குள் வரவே மாட்டார். கரையில் ஒரு இடம் பிடித்து நிற்பார். குளிக்க வரும் பெண்கள் பையையும் கண்ணாடியையும் பிள்ளையையும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் குழம்பு ருசிக்கவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது தேனாக இருந்தது. அண்ணனோ ஊரெல்லாம் "அருவித் தண்ணி மகிமை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணனின் சம்பந்தி வீட்டார் ஒருநாள் பார்த்துவிட்டார்கள். "உங்க அக்கா அருவிக்கரையில கண்டவங்க பையக் காத்துக்கிட்டு நிக்காங்களே." அவ்வளவுதான். மண்டகப்படிக்காரர் மானம் போய்விட்டது! "தண்ணியில நிக்காம கரையில நிக்கதுக்கா பஸ் ஏறிப் போறோம்?" என்று அண்ணன் குதித்தார். அருவிக்குப் போவது நின்றது. அதற்குப் பதில் என்ன செய்தார் தெரியுமா? குற்றாலத்திலிருந்து கேன் கேனாக அருவித் தண்ணீரை ஆட்டோவில் கொண்டுவந்து, வீட்டுக் குளியலறையில் அக்கா தலையில் ஊற்ற ஏற்பாடு செய்தார். "அதே தண்ணிதானட்டி?" என்று என்னிடமே கேட்டார். அதே தண்ணீர்தான் அண்ணாச்சி! குணமாக்கியது தண்ணீர் என்று யார் சொன்னது?

வயிற்றுக்குச் சோறு மாதிரி மனசுக்கும் பிறக்கும்போதே சில பசிகள் உண்டு. "நீ இருந்தால்தான் ஆகும்" என்று யாராவது சொல்ல வேண்டும். சின்ன விஷயத்திலாவது நம் பேச்சு எடுபட வேண்டும். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். இதெல்லாம் கிடைக்காமல் நாற்பது வகைச் சாப்பாடு போட்டாலும் மனுஷர் உள்ளுக்குள் வாடித்தான் போவார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அக்கா மறுபடி மௌனமானார். சில வருஷம் அப்படியே போயிற்று. கடைசியில் நுரையீரல் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் அண்ணன் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார். அண்ணன் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் அவரைத் தப்பாகப் பேச மாட்டார்கள். நானும் அவர் பாசத்தைக் குறை பேசவில்லை, பிடிவாதத்தைத்தான் பேசுகிறேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த நர்ஸ்களுக்கும், மழையில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், இன்று நினைவு நாளுக்கு வந்து கைநனைக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்காரிக்கும் நன்றி.

அண்ணன் மகனே, இது உனக்கு. உன் அப்பா நடத்திவந்த உரக்கடையை நீ பார்க்க ஆரம்பித்த பிறகு, அவர் கடைக்கு வந்தால் "எதுக்குப்பா அலையுதீங்க, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று திருப்பி அனுப்புகிறாயாம். போன வாரம் அவர் என்னிடம் சொன்னார்: "ஏட்டி, காலைல முழிச்சா எதுக்கு எந்திக்கணும்னு தெரிய மாட்டுக்கு." நீ என்னடாவென்றால் நேற்று போன் போட்டு, "அப்பாவ அருவிக்குக் கூட்டிட்டுப் போவமா அத்தை?" என்கிறாய்.

தை மாதம் உன் மகள் கல்யாணம் வருகிறது. சமையலுக்கு ஆள் பிடிக்கிற பொறுப்பை உன் அப்பாவிடம் விடு. பக்கத்தில் நின்று திருத்தாதே. அவர் தப்பான ஆளைப் பிடித்து, மறுவீட்டு விருந்தின் சொதிக்குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் பரவாயில்லை, நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.