மீதி எட்டு கிராம்

என் தம்பி தைஸ்தோவை நினைத்தால் முதலில் அவன் வீட்டு அடுப்படி ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வரும். மற்ற வீடுகளில் அங்கே பூந்தொட்டி இருக்கும். அவன் வீட்டில் தோட்டா இருக்கும். மூஸ் மானின் உடம்புக்குள் புகுந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் சிக்கி, அறுக்கும்போது கைக்குக் கிடைத்த தோட்டாக்கள். முனை விரிந்து காளான் மாதிரி ஆகியிருக்கும். கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருப்பான். எது எந்த வருஷம், எந்தக் காடு, எவ்வளவு எடை என்று கேட்காமலே சொல்லுவான். அவன் பெண்டாட்டி ஹென்னா அதற்குத் தூசி தட்டித் தட்டியே அலுத்துப் போனாள்.

தைஸ்தோ மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வருஷம் முழுக்க வாயைத் திறக்கமாட்டான். அக்டோபரில் எங்கள் ஊர் வேட்டைக் குழு காட்டுக்குக் கிளம்பிவிட்டால் போதும், பேச்சு பொங்கிக்கொண்டு வரும். அதுவும் தோட்டாவைப் பற்றித்தான். அதை அவனே பட்டறையில் உட்கார்ந்து வெடிமருந்து போட்டு அடைப்பான். மேலே மெல்லிய தகடு, உள்ளே மெத்தென்ற ஈயம்.

"உள்ள போறப்ப பதினெட்டு கிராம், வெளிய எடுக்கிறப்ப பத்து. மீதி எட்டு கிராமும் உள்ளயே சிதறி வேலை பாத்திருக்கு. அப்புறம் மூஸ் எங்க ஓடும்?" என்பான்.

பொய்யில்லை. குதிரையைவிட உயரமான மிருகம், அவன் சுட்டால் நின்ற இடத்திலேயே மடங்கி விழும்.

குழுவில் உர்ஹோ ஒருவன்தான் முழுக்கச் செம்பாலான தோட்டாவுக்கு மாறியிருந்தான். செம்பு உடையாது, பூ மாதிரி விரியும், அவ்வளவுதான். அவன் சுட்ட மூஸ் ஒருமுறை சதுப்பு வரைக்கும் ஓடிப்போய் விழுந்தது. தைஸ்தோ விடுவானா?

"உன் செம்பு சட்டைக்குப் பொத்தான் ஓட்டைதான் போடுது உர்ஹோ! செத்துட்டோம்னு அந்த மூஸுக்கே தெரியல. போ, நீயே இறங்கி இழுத்துட்டு வா."

"சிரிடா, சிரி. ஈயம் விஷம், கறியில கலக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் தெரியும்."

"எங்கப்பா எழுபது வருஷம் தின்னாரு. நல்லாத்தானே இருந்தாரு!"

எல்லாரும் சிரித்தோம். துப்பாக்கியோடு நின்ற அவன் அக்கா நானும்தான் சிரித்தேன்.

எங்கள் ஊரில் கறி பங்கு போடும்போது ஒருத்தர் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருத்தர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் வாய்க்கு வந்த பேரைச் சொல்ல வேண்டும். சண்டையே வராது. ஆனால் குண்டு பட்ட முன்தொடை மட்டும் பங்கில் சேராது. ரத்தம் கட்டிக் கருத்துக் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். தைஸ்தோதான் அதை வாளியில் அள்ளிக்கொண்டு போவான். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி அலசி, மெஷினில் அரைத்து, நீளப் பைகளில் அடைத்து, முனையை உலோகக் கிளிப்பால் இறுக்கி ஃப்ரீசரில் அடுக்குவான். ஒரு கைப்பிடி கறிகூட வீணாகாது. அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கொத்துக்கறி யாருக்குத் தெரியுமா? வில்யாவுக்கு. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கி, இனி இல்லை என்று தைஸ்தோவும் ஹென்னாவும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்த பெண். இரண்டு வயசு. கெட்டிக் கறி மெல்ல வராது. ஹென்னா தினமும் கறி உருண்டை பிடித்து, மசித்த உருளைக்கிழங்கோடு ஊட்டுவாள். குழந்தைக்கு இன்னும் பேச்சு மட்டும் வரவில்லை. "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம். தைஸ்தோ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்று நான் கேலி செய்வேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், பனி உருகட்டும் என்று மேஜைமேல் வைத்திருந்த பை ஒன்றை அவன் நாய் ஹல்லி திருடித் தின்றுவிட்டது. பை, கிளிப் எல்லாம் உள்ளே போய்விட்டது. கிளிப் குடலைக் கிழித்துவிடுமோ என்று தைஸ்தோ பதறினான். நான்தான் காரை எடுத்தேன். மிருக டாக்டர் அன்னீனா நாயைப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தாள். படத்தைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"தைஸ்தோ, இந்த நாயை யார் சுட்டது?"

"என்னது?"

"வயிறு பூரா குண்டுச் சிதறல். இங்க பாருங்க."

பார்த்தோம். கிளிப் ஓரமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கல் உப்பை வாரி இறைத்த மாதிரி. என் தம்பி கையை முறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"எந்த நாசமாப் போனவன் என் நாயைச் சுட்டான்? சொல்லுங்க, எவன்?"

அன்னீனா ஹல்லியின் ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். "உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே. வெளியிலிருந்து எதுவும் உள்ள போகல. அது என்ன தின்னுச்சு?"

"கொத்துக்கறிதான். நான் சுட்ட மூஸ்."

"மூஸ் உடம்புல எந்த இடத்துக் கறி?"

அவன் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் குண்டு பட்ட அந்த முன்தொடை ஞாபகம் வந்தது. அட கடவுளே, அந்தப் பைதானே, அந்த ஃப்ரீசர்தானே!

"அக்கா," என்றான். "மணி என்ன? வில்யா சாப்பிடுற நேரம்."

நாயை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம். வழியெல்லாம் ஹென்னாவுக்குப் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. பனிப் பாதையில் நான் எப்படி ஓட்டினேனோ, இன்றைக்கும் தெரியாது. கதவைத் திறந்தால் வில்யா உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னம் உப்பியிருக்கிறது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தைஸ்தோ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பாய்ந்து, அவள் வாய்க்குள் விரலை விட்டு உருண்டையைத் தோண்டி எடுத்தான். குழந்தை வீறிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? என்ன பண்றே?" ஹென்னா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஈயம்," என்றான். "கறியில ஈயம், ஹென்னா. நான் போட்ட ஈயம்."

அவளுக்குப் புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்துவாள் என்று பார்த்தேன். அவள் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் அவள் வாயைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், மறுபடியும். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தைஸ்தோ ஜன்னலிலிருந்த தோட்டாக்களை அள்ளி மேஜைமேல் கொட்டினான். வெடிமருந்து அளக்கும் சின்னத் தராசை எடுத்துவந்து ஒவ்வொன்றாக வைத்தான். பத்து. பதினொன்று. ஒன்பதரை. எல்லா எடையும் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம்தான். ஆனாலும் வைத்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை வருஷமா எடை போடுறேன் அக்கா. எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்ல தோட்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். குறைஞ்சது எங்க போச்சுன்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

நான் தோட்டாக்களை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டேன்.

ஹல்லியை அன்னீனா காப்பாற்றிவிட்டாள். வில்யாவின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. மருந்து தேவைப்படும் அளவில்லை, நிறுத்தினால் மெல்லக் குறையும் என்றார் குழந்தை டாக்டர். பேச்சு வராததற்கு இதுவா காரணம் என்று ஹென்னா கேட்டாள். சொல்ல முடியாது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த "இருக்கலாம்" என் தம்பியைச் சாப்பிடவிடவில்லை, தூங்கவிடவில்லை. ஃப்ரீசரைக் காலி செய்து குழி வெட்டிப் புதைத்தான். காக்கை கழுகுகூடத் தோண்டக்கூடாது என்று மேலே பாறாங்கல்லை உருட்டிப் போட்டான்.

அடுத்த அக்டோபரில் அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். பெட்டியில் செம்புத் தோட்டா. அவன் சுட்ட ஆண் மூஸ் விழவில்லை. நடந்தது, ஓடியது, மரங்களுக்குள் மறைந்தது. நாய் குரைக்கிற திசையில் போய்ப் பார்த்தால் ஓடைக்கு அப்பால் விழுந்து கிடந்தது. உர்ஹோ பழிவாங்கக் காத்திருந்தவன்தான். வாயைத் திறந்தான், தைஸ்தோவின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டு கயிற்றை எடுக்கப் போய்விட்டான்.

கொட்டகையில் அறுத்தோம். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தைஸ்தோ வெட்டி எறிந்தான். மறுபக்கத் தோலுக்கு அடியில் தோட்டா கிடைத்தது. நாலு இதழாக விரிந்து, செக்கச் செவேலென்று இருந்தது. அவன் அதைக் கழுவவில்லை. ரத்தத்தோடே தராசில் வைத்தான். முள் ஆடி நின்றது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"எல்லாம் இருக்கு அக்கா," என்றான். "எதுவும் உள்ள தங்கல."

சொல்லிவிட்டு, ரத்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதான்.