அக்கா கழித்துக்கட்டிய கார்டுகள்

என் அக்காவுக்குத் தன்னை அறிந்துகொள்ளும் ஆசை நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை மற்றவர்களை அறிந்துகொள்வதிலேயே பொழுது போய்விட்டது. சட்டை கம்பெனியில் அவள் செக்கர். தைத்து முடித்த எந்தச் சட்டையும் அவள் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குள் போக வேண்டும். காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளையும் அப்படியே அனுப்பினாள். ஒருவருக்குச் சிரிப்பு ஒரு பக்கமாகப் போகிறதாம். இன்னொருவர் காபி உறிஞ்சுவது அடுப்படி வரை கேட்டதாம். நான் அலைந்து திரிந்து கூட்டிவந்த ஒரு நல்ல மனிதரை, "காது ரெண்டும் ஒரே அளவு இல்லடா" என்று முடித்துவிட்டாள். அன்றைக்கு வந்த கோபத்தில் மாப்பிள்ளை தேடுவதையே விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், மனைவியை இழந்தவர், யாரையும் தூது விடாமல் அவளிடமே நேராகக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்." அக்கா அவரை உடனே திருப்பி அனுப்பவில்லை. அதுவே உலக அதிசயம். ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. சரியாகத் தூங்கவும் இல்லை.

அப்புறம் ஒரு கட்டு டாரோ கார்டு, வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கும் படச் சீட்டு, வாங்கி வந்தாள். செல்போன் வீடியோவில் ஒரு அம்மாள் சொன்னாளாம். இது ஜோசியம் இல்லை, மனசுக்குக் கண்ணாடி. ஒரு கார்டை எடு, படத்தைப் பார், உனக்குள் என்ன தோன்றுகிறதோ அதைக் கவனி. நல்ல கார்டு, கெட்ட கார்டு என்று எதுவும் கிடையாது.

அந்தக் கடைசி வரியை என் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் எழுபத்தெட்டையும் பரப்பி, டியூப்லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓரம் கோணலாக வெட்டப்பட்டவை முதலில் போயின. மை பரவியவை அடுத்து. அதன் பிறகு படங்களுக்கு வந்தாள். முதுகில் வாள்கள் குத்திக் குப்புறக் கிடந்தவன் போனான். இடி விழுந்த கோபுரம் போயிற்று. குதிரையில் வந்த எலும்புக்கூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காதலர்கள் கார்டைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பேரும் துணியே இல்லாம நிக்கறாங்க. நம்ம தொழில் என்ன ஆவறது?" என்று அதையும் ஓரங்கட்டினாள்.

"அக்கா, அது மனசப் பாக்கறதுக்கு. சரக்குப் பாக்கறதுக்கு இல்ல."

"எதப் பாக்கறதுன்னாலும் சாமான் சுத்தமா இருக்கணும்டா."

மிஞ்சியது ஒரு கைப்பிடி. காலையில் எடுத்தாள், சூரியன் வந்தது. மறுநாள் நட்சத்திரம். என் மனைவிக்கு வாயெல்லாம் பல். "அண்ணி, எல்லாம் நல்லதாத்தானே வருது? சரின்னு சொல்லிடுங்களேன்."

"நானே பொறுக்கி வெச்சது. நல்லதா வராம என்ன பண்ணும்?" என்று எரிந்து விழுந்தாள் அக்கா. கழித்ததிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மூன்று வாள் குத்திய இதயம். அதையும் நம்ப முடியவில்லை, குப்பையிலிருந்து எடுத்தால் குப்பைதானே வரும் என்றாள். தன்னை அறியப் புறப்பட்டவள், அச்சகத்துக்காரனின் குறைகளைத்தான் தலைகீழாக அறிந்து வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது. இவரையும் அனுப்பிவிட்டால் இனி யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிங் மாஸ்டர் வந்தார். சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். காலரின் ஒரு முனை தாடையை இடித்தது, கீழே ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. காலமெல்லாம் சட்டைத் துணி வெட்டிய மனுஷன்! பதற்றத்தில் போட்டிருப்பார், பாவம். என் மனைவி என்னை இடித்தாள். இவர் கதை முடிந்தது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா அவருக்கு டீ கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து, புது மேனேஜரைப் பற்றியும் மழைக்கு ஒழுகும் கட்டிங் ரூமைப் பற்றியும் பேசினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன முடிவு பண்ணீங்க?" என்றார்.

"சாயங்காலம் போன் பண்றேன்."

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். கோணல் சட்டையோடு அவர் தெருவில் இறங்கியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பட்டனப் பாத்தியாக்கா?"

"உள்ள வரும்போதே பாத்தேன்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னா சரி பண்ணிக்குவாருடா."

"அதுக்குத்தானே சொல்றது?"

அக்கா ஜன்னல் வழியே அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு" என்றாள். சொன்னவள், வேறு யாரோ பேசியதைக் கேட்டதுபோல் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அப்படியெல்லாம் தோணாதேடா."

அவள் கை போனைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.