மாப்பிள்ளை ஊரும் ஆறு முடியும் இடமும்

காலை ஆறேகால் மணிக்குத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். திருச்செந்தூர் வண்டி எங்கே நிற்கும் என்று ஒருவரிடம் கேட்டேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் போகவேண்டும் என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், இங்கேயே வரும், நில்லுங்கள் என்றார். இரண்டு பேரும் தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிட்டார்கள். நான் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு வண்டி வந்தது. ஏறிக்கொண்டேன். வழியில் நான் இறங்க வேண்டிய ஆறுமுகநேரிக்கு இருபத்தைந்து ரூபாய்.

நான் ஈரோட்டை அடுத்த குமாரபாளையத்தில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் ஏன் தனியாக இவ்வளவு தூரம் வந்தேன் என்றால், என் மகளுக்காக.

மகள் பெருந்துறையில் ஒரு மில்லில் வேலை செய்கிறாள். அதே மில்லில் முத்துராஜ் என்ற பையன் இரண்டு வருடம் இருந்தான். இப்போது அவனுக்குச் சொந்த ஊரான ஆறுமுகநேரிக்குப் பக்கத்திலேயே, சாகுபுரத்துத் தொழிற்சாலையில் வேலை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். சாதி வேறு, பேச்சு வேறு. அதையெல்லாம் வீட்டில் மூன்று மாதம் பேசி, சண்டை போட்டு, ஓய்ந்துவிட்டோம். மிச்சம் இருந்தது ஊர் மட்டும்தான். "அவரை எனக்குத் தெரியுமப்பா. ஊரும் வீடும் தெரியாது. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று மகள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றாள் என் மனைவி. விசாரிப்பதற்கு என்னை அனுப்பியது அவள் செய்த தவறு.

பழையகாயல் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கண் கூசியது. உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் உப்புக் குவியல், ஒன்றிரண்டை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இந்த வெயிலில் என் மகள் எப்படி இருப்பாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு நீளமான பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணி. பாலம் இறங்கியதும் ஆத்தூர். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஒரே பச்சை. ஜன்னல் வழியே வந்த காற்று குளிர்ந்திருந்தது. சரி, பரவாயில்லை என்று தோன்றியது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் உப்பளம் வந்துவிட்டது.

எட்டு மணிக்கு ஆறுமுகநேரியில் இறங்கி ஒரு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "எந்த ஊரு அண்ணாச்சி?" என்றார். ஊரைச் சொன்னேன்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"

முத்துராஜைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் கடையில் நான்கு பேர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா ஊர் பாக்கலாம்னு வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், டீ கிளாசைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "ஏலே ஜெயபாலு, இவிய ஊரு பாக்க வந்திருக்காவ. நல்லாச் சுத்திக் காட்டு."

ஜெயபாலுக்கு நாற்பது வயது இருக்கும். அரை நாளைக்கு அறுநூறு ரூபாய் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் உப்பளத்துக்கே கூட்டிப்போனார். வரப்பில் நடந்தோம். ஆண்களும் பெண்களும் நீளமான பலகையால் உப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலும் நானும் தனியாகத்தான் நின்றோம். இங்கே முத்துராஜ் என்று ஒரு பையன் இருக்கிறானா, எப்படிப்பட்டவன் என்று கேட்க வாயைத் திறந்தேன். "இது எத்தனை நாள்ல விளையுமுங்க?" என்ற கேள்விதான் வந்தது.

"வெயிலப் பொறுத்து" என்றார் ஜெயபால். "மழ ஒரு தூத்தல் விழுந்தா எல்லாம் கரைஞ்சிரும். நீங்கள்லாம் மழ இல்லையேன்னு அழுவிய. இங்கன மழ வந்துருமோன்னு பாத்துக்கிட்டு நிப்பாவ."

அடுத்து சாகுபுரம். தொழிற்சாலைக்கு உள்ளே போக முடியாது. சாலையிலேயே நின்று பார்த்தோம். மதிலும் வாசலும் குழாய்களும் தெரிந்தன. அந்தப் பக்கம் தொழிலாளர்களுக்கான வீடுகளும், வரிசையாக மரங்களும் இருந்தன. உப்பளத்தில் ஒரு மரம் இல்லை, இங்கே இத்தனை மரம். எதை வைத்து ஊரைக் கணக்கெடுப்பது என்று புரியவில்லை. ஷிப்டு முடிந்து பையன்கள் பைக்கில் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவன் முத்துராஜாக இருப்பானோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மகள் காட்டிய போட்டோவில் அவனுக்கு மீசை இருந்தது. இங்கே எல்லோருக்கும் மீசை இருந்தது.

பத்தரை மணிக்கு மறுபடியும் ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டி, முக்காணி வழியாகக் கொற்கைக்குப் போனோம். வழியெல்லாம் வாழை. ஒரு குளத்துக்கு அருகில் ஆட்டோவை நிறுத்தி, "இதுதான் அண்ணாச்சி பழைய துறைமுகம். பாண்டிய ராசா காலத்துல முத்தும் சங்கும் இங்கன இருந்துதான் கப்பல்ல போச்சு" என்றார்.

நான் சுற்றிப் பார்த்தேன். குளம் இருந்தது, ஆடு மேய்ந்தது, வாழைத்தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"கடல் எங்கீங்க?"

"கடலு அங்கன தள்ளிப் போயிட்டு. ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். ஆறு மண்ணக் கொண்டாந்து தட்டித் தட்டி, கடலு ஒதுங்கிட்டு."

அங்கே தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், கிணறு வெட்டினால் சிப்பியும் சங்குத் துண்டும் வரும் என்றார். அறுத்த சங்கும் கிடைக்குமாம். வளையல் செய்ய அந்தக் காலத்தில் அறுத்துப் போட்டதாம். எங்கள் ஊரில் பட்டறைக்குப் பின்னால் நூல் கழிவு கிடப்பது போல இங்கே சங்குக் கழிவு கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடமும் முத்துராஜைப் பற்றிக் கேட்கவில்லை. வாழை என்ன ரகம் என்று கேட்டேன்.

அங்கிருந்து திரும்பிப் புன்னைக்காயலுக்கு. சாலை முடியும் இடத்தில் ஊர். பெரிய மாதா கோவில், படகுகள், காயப்போட்ட வலை. அதுவரை ஆறு என்று நான் நினைத்திருந்தது இங்கே பல வாய்க்காலாகப் பிரிந்துகிடந்தது. எது ஆறு, எது கழிமுகம், எது கடல் என்று தெரியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், ஆறு எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டேன்.

"வேலி போட்டா வச்சிருக்கு?" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே இரக்கப்பட்டு, "ஏத்தம் வந்தா கடலு உள்ள வரும், வத்தம் வந்தா ஆறு வெளிய போவும். இந்நேரம் எதுன்னு வாயில வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். வைத்துப் பார்த்தேன். உப்பாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

இங்கே முத்து எடுப்பார்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நின்னு போச்சு. முத்து வேணும்னா தூத்துக்குடிக்குப் போயி நகைக்கடையில கேளும்" என்றார்.

மணி ஒன்றாகியிருந்தது. மூன்று மணி வண்டியில் தூத்துக்குடி திரும்ப வேண்டும். உப்பு, வாழை, சங்கு, முத்து எல்லாம் தெரிந்துகொண்டேன். பையனைப் பற்றி ஒரு சொல் தெரியவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது? மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஆறுமுகநேரிக்குத் திரும்பியதும் ஜெயபால் பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் ஒரு தெருவுக்குள் திருப்பினார். "இன்னும் ஒரு எடம் பாக்கி இருக்கு அண்ணாச்சி." நீலப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றது ஆட்டோ.

"இது என்ன இடமுங்க?"

"நீங்க பாக்க வந்த எடம்."

ஜெயபால் திரும்பி உட்கார்ந்து சொன்னார். "ஆறுமுகநேரிக்கு யாரு அண்ணாச்சி ஊரு பாக்க வாரா? ஈரோட்டுப் பேச்சு, விரல்ல எல்லாம் சாயம். முத்துராஜுக்கு எங்கன பொண்ணு பாத்திருக்குன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். இப்ப கேப்பாவ, இப்ப கேப்பாவன்னு நானும் காலையில இருந்து பாக்கேன். உப்பக் கேக்கிய, வாழையக் கேக்கிய. ஆத்தக்கூட விடல."

"நீங்களே சொல்லியிருக்கலாமுங்களே."

"நான் அவனுக்குப் பக்கத்து வீடு. நல்லவன்னு நான் சொன்னா நம்புவியளா?"

அதற்குள் கேட் திறந்துவிட்டது. முத்துராஜின் அம்மா. நான் வந்த செய்தி அவருக்கும் முன்பே போயிருந்தது. கணவர் இல்லை, மகனும் அவரும்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றார். ஏன் சொல்லாமல் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மகன் வேலைக்குப் போயிருக்கிறான், சாயந்திரம்தான் வருவான், வேண்டுமானால் போன் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உட்காரச் சொல்லி, ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். உள்ளிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. காலையில் குடித்த டீயோடு சரி, எனக்கு வயிறு காய்ந்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடச் சொல்லவில்லை.

ஜெயபாலுக்கே பொறுக்கவில்லை. "என்ன மைனி, அவ்வளவு தூரத்துல இருந்து வந்த ஆளு. ஒரு வாய் சோறு போடக் கூடாதா?"

"நீ சும்மா இருல." அதன்பின் என்னைப் பார்த்துச் சொன்னார். "சோறு இருக்கு அண்ணாச்சி. போட்டா நீங்க சாப்பிட்டுருவிய. வேண்டாம்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வராதுன்னு பாத்தாலே தெரியுது. கை நனைச்ச பொறவு ஊருக்குப் போயி, மனசுக்குச் சரியில்லன்னு எப்படிச் சொல்லுவிய?"

கல்யாணப் பேச்சு முடியும் முன் ஒரு வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்றுதான் எங்கள் பக்கமும் அர்த்தம். அந்த நேரம்வரை எனக்கு அது உறைக்கவில்லை. தட்டில் சோறு வந்திருந்தால் நிச்சயம் சாப்பிட்டிருப்பேன்.

அவரே தொடர்ந்து பேசினார். "இங்கன நல்ல தண்ணி வாரத்துல ரெண்டு நாளுதான். வெயிலு கொல்லும். உப்புக் காத்துல அந்தக் கேட்டு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க துருப்பிடிச்சிரும். இவன் ராத்திரி ஷிப்டுன்னு போயிட்டா நானும் அவளும் மட்டும்தான் இருக்கணும். எனக்குக் கொஞ்சம் வாயும் உண்டு. இதையெல்லாம் மககிட்ட சொல்லுங்க. யோசிச்சுட்டுச் சொல்லட்டும்."

நான் தண்ணீரைக் குடித்தேன். வருகிறேன் என்று எழுந்தேன். வாசற்படிவரை போனேன். நாள் முழுக்க யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்கு இந்த அம்மாள் நான் கேட்காமலே பதில் சொல்லிவிட்டார் என்று அங்கே நிற்கும்போதுதான் தோன்றியது. திரும்பினேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"கொஞ்சம் சோறு போடுங்க."

அம்மாள் உள்ளே போகாமல் கேட்டார். "தெரிஞ்சுதான் சொல்லுதியளா?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கும் ஒரு தட்டு போடுங்க மைனி" என்றார் ஜெயபால்.

மூன்று மணி வண்டியில் தூத்துக்குடி திரும்பினேன். எங்கள் ஊரில் காவிரி ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் போகும். பாலத்தில் நின்றால் கரை இரண்டும் தெரியும். இங்கே துறைமுகத்தில் கடல் இல்லை, ஆறு எங்கே முடிகிறது என்று அங்கே பிழைப்பவர்களுக்கே தெரியவில்லை, ஐந்து நிமிடத் தூரத்தில் வாழையும் உப்பும் விளைகின்றன. நல்ல ஊரா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஆத்தூர்ப் பாலத்தில் வண்டி ஏறியபோது மகள் போன் செய்தாள்.

"ஊர் எப்படிப்பா இருக்குது?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கலை கண்ணு."

போனைக் காது மாற்றிப் பிடித்தேன். நான் சொன்னேன், "அவங்க வீட்ல சாப்பிட்டுட்டேன்."

வண்டி பாலத்தை விட்டு இறங்கியது. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். பிறகு மெதுவாக, "என்ன குழம்புப்பா?" என்றாள்.

"மீன் குழம்பு. புளி ஜாஸ்தி" என்றேன். "பழகிக்கலாம்."