ராஜாவுக்கு விடுதலை

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று டீச்சர் அந்தக்கால ராஜா ஒருவரைக் கூண்டில் ஏற்றியிருந்தார். கூலி கொடுக்காமல் கோட்டை கட்டியதாக ஒரு நாடக வழக்கு; பிள்ளைகளே வக்கீல், பிள்ளைகளே நீதிபதி.

"சோறு போட்டாரே, போதாதா?" என்றான் ராஜாவின் வக்கீலாக நின்ற மாணவன். வகுப்பே கைதூக்கி ராஜாவை விடுவித்தது.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கரும்பலகைக்கும் சன்னலுக்குமாக நடந்தார். நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் தலையாட்டுவார்களோ?

"இந்தத் தீர்ப்பு செல்லாது" என்றார்.

"அப்போ எங்களை எதுக்கு டீச்சர் கைதூக்கச் சொன்னீங்க?" என்றாள் கோட்டைக்குக் கல் சுமந்தவளாக, வழக்குப் போட்டவளாக நடித்த மாணவி. "தோத்த நானே சும்மா இருக்கேன்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சரிம்மா, தீர்ப்பு இருக்கட்டும். நாளைக்கு அப்பீல். வக்கீல் சார், நாளைக்கு நீங்க இவ பக்கம் பேசணும்."

"இவ பக்கம் சொல்ல என்ன டீச்சர் இருக்கு?"

வாய்வரை வந்த பதிலை டீச்சர் விழுங்கினார்.

"தேடிப் பாருடா" என்றவர், மறுபடி நடக்கத் தொடங்கினார்.