மரக்காலைப் பிடித்திருந்த கைகள்

அன்று நான் கையை எடுத்தேனா, இல்லை மரக்கால் தானாக நழுவியதா? சிமெண்டுத் தரையில் நெல் அளக்கும் இரும்பு மரக்கால் துணியோடு சறுக்கிய சத்தம் இருபது வருடம் கழித்தும் காதில் இருக்கிறது. அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்பது மட்டும் நினைவில் இல்லை.

கச்சிராயபாளையத்தில் நான் ஏழாவதும் தங்கை செல்வி ஐந்தாவதும் படித்த வருடம், கள்ளக்குறிச்சியில் நடக்கும் யோகா போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்ப முடிவானது. செல்வியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவளால் வர முடியாமல் போனால் மட்டும் நான். "யோகா கட்ட இல்ல, பெல்ட்டு இல்லன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க. வூட்ல செங்கல்லு இல்லியா, உங்கம்மா பொடவ இல்லியா?" என்றார் விளையாட்டு டீச்சர்.

அப்படித்தான் எங்கள் வீட்டுச் சாமான்கள் யோகாவுக்கு வந்தன. உரச் சாக்குக்குள் போர்வையைச் சுருட்டித் திணித்தால் முதுகுக்குத் திண்டு, அம்மாவின் நைந்த நூல்புடவை பெல்ட்டு. புடவையில் காலை மாட்டி இழுத்துக்கொண்டே செல்வி, "அக்கா, என்னிய கெணத்துல எறக்கறாங்க பாரு" என்று சிரிப்பாள். வளைந்து எழும் சக்ராசனத்துக்குக் காலடியில் உயரம் வேண்டியிருந்தது; செங்கல் பாதத்தைக் குத்தியது, உயரமும் போதவில்லை. நெல் அறையில் இருந்த மரக்காலைக் கவிழ்த்துப் போட்டால் சரியாக இருக்கும் என்று சொன்னது நான்தான்.

அப்பா அந்த மரக்காலால் நெல் அளக்கும்போது, முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித்தான் தொடங்குவார். தெரியாமல் அதன்மேல் கால் பட்டால்கூட உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். "மகாலட்சுமிடி அது. கால் பட்டுச்சின்னா வூட்ல ஒண்ணும் தங்காது" என்பாள் அம்மா. அந்தப் பயத்தில்தான், செல்வியின் வெறும் பாதம் படாமலிருக்க அப்பாவின் துண்டால் மரக்காலை அடியோடு சேர்த்துச் சுற்றி, அதை வழவழப்பான சிமெண்டுத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணி வழுக்கும் என்று தோன்றவே இல்லை. பாவம் வராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

"புடிச்சினு இருக்கியாக்கா?" என்றாள் செல்வி.

"புடிச்சினுதான் இருக்கேன், நீ ஏறு."

அவள் உடம்பு வில்லாக எழுந்தது. என்னால் ஒருநாளும் அவ்வளவு உயரம் எழ முடிந்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம். இடது கை அவளுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

கரும்புத் தோட்டத்திலிருந்து அம்மா ஓடி வருவதற்குள் நான் துண்டை உருவி, மரக்காலை நெல் அறையில் வைத்துவிட்டேன். தங்கையைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தான் செய்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே செல்வி, "தொட்டி மேலேர்ந்து வுயுந்துட்டேம்மா" என்றாள். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு?" என்று திட்டிக்கொண்டே அம்மா அழுதாள். கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்த பிறகும் அந்த முழங்கை முழுதாக நீளவில்லை. போட்டிக்கு நான் போனேன். "போய்ட்டு வாக்கா" என்று ஒற்றைக் கையால் அவளே எனக்கு ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். எட்டு வயது மகள் மொபைலில் யோகா கற்கிறாள். கட்டை இல்லாவிட்டால் வீட்டில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று அதிலும் சொல்கிறார்கள். அவள் மணையைப் போட்டு, "அம்மா, புடிச்சிக்கோ" என்று கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுகிறேன். பிடித்தால் விட்டுவிடுவேனோ என்று பயம்; பிடிக்காமல் போய் அவள் விழுந்தால் அதுவும் என்னால்தானே என்று அடுத்த பயம்.

போன மாதம் களமருதூரிலிருந்து செல்வி வந்திருந்தாள். நான் சமையலறைக்கு நழுவியதும் அவளே கீழே உட்கார்ந்து, நேராகாத அந்தக் கையாலும் சேர்த்து மணையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுடி தங்கம், சித்தி வுடமாட்டேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குழந்தைக்குத்தான் சொன்னாளா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நாங்கள் யாரிடம் பொய் சொன்னோமோ அந்த அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அடிப்பதற்கு இனி யாரும் கிடையாது. செல்வி ஒருத்திதான் மிச்சம். அவளிடம் கேட்டுவிடலாம். ஆனால் அவள் இத்தனை வருடமும் துணிதான் வழுக்கியது என்று நம்பிக்கொண்டிருந்தால், என் மனம் லேசாவதற்காக அவளிடமிருந்து ஓர் அக்காவைப் பறித்ததாக ஆகிவிடாதா? அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தால், நான் கேட்பதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருக்கிறாளா? பொங்கலுக்கு மறுபடி வருகிறாள். உடன்பிறந்தவளோடு இப்படி ஒரு மௌனத்தில் வாழ்ந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் கேட்கலாமா, கூடாதா என்று எனக்கு எழுதுங்கள்.