என் தோளில் இருக்கும் அந்தக் கை ஸ்டெல்லா அக்காவுடையது

நான் சாகவில்லை.

இறந்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. முந்தாநாள் காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்... நேற்று காலை அடக்கம் முடிந்தது.

நேற்று மதியத்திலிருந்து எனக்கு போன் மேல் போன். சேத்துப்பட்டில் இருக்கும் நாத்தனார், நானே எடுத்து ஹலோ சொன்னதும் ஓவென்று அழுதாள். "அண்ணி, நீங்களா? நெஜமா நீங்கதான் பேசறீங்களா?"

விஷயம் இதுதான். 'பண்பாடுகளுக்கு இடையே உரையாடல்' என்று ஒரு ப்ராஜெக்ட்டுக்காக இரண்டு வருடமாகச் சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்துபோனவர்கள், இணையத்தில் அக்காவுக்கு அஞ்சலி போட்டிருக்கிறார்கள். பெயர் அக்காவுடையது. படம் என்னுடையது.

நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்திப் படம். கீழே 'ஸ்டெல்லா அவர்கள்'... ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன, வாழ்நாளில் பொட்டே வைத்தறியாத மனுஷிக்கு!

இரண்டு வருடம் எங்களிடம் என்ன கேட்டார்கள்? யார் பொட்டு வைப்பீர்கள், யார் முக்காடு போடுவீர்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவீர்களா... இதையேதான்.

அருவருப்பாக இருக்கிறது. சாமி கும்பிடுகிற வாயால் வேறு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டெல்லா அக்கா ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பெங்களூரிலிருந்து நூல் வியாபாரிகள் டிரங்க் கால் போட்ட காலம். தெலுங்கு, கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாம் அந்த ஹெட்போன் வழியாகவே கற்றுக்கொண்டார்.

அதனால்தான் வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் வந்தபோது பேச்சை மாற்றிச் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வட்டமாக உட்காருவோம், நடுவில் அக்கா. நான் எதையும் நோட்டில் குறித்து வைக்கிறவள், எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை.

ஒரு நாள் அந்த வெளிநாட்டுப் பெண் கேட்டது... "வேற மதத்துக்காரங்களோட சாப்பாடு பகிர்ந்துப்பீங்களா?"

எதிர்வீட்டு நூர்ஜஹான் என்னைக் கைகாட்டினாள். "பகிர்ந்துக்கறதா? இவ டிபன் பாக்ஸு மூணு எங்க வூட்ல கீது. மொதல்ல அத எட்துகினு போவச் சொல்லு!"

அக்கா அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ப்ராஜெக்ட்டை நடத்திய சார் மட்டும் சிரிக்கவில்லை. "மனஸ்தாபம் ஏதாவது நடந்திருக்குமே... ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"கீதே சார்," என்றார் அக்கா. "பத்து நாளா தெருவுல தண்ணி வர்ல. இந்து, முஸ்லிம், கிறிஸ்டீன்னு பாக்காம ஒருத்தருக்கும் வர்ல. எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்ளவில்லை.

கடைசி நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதிலிருந்துதான் என்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உற்றுப் பாருங்கள், என் தோளில் நான்கு விரல் தெரியும்.

அதுதான் ஸ்டெல்லா அக்கா. அவருடைய அஞ்சலியில் அவருக்கு விட்ட இடம் அவ்வளவுதான்.

அந்த சாருக்கு போன் போட்டேன். "சாரி மேடம், வாலன்டியர் மிஸ்டேக். ஆனா போஸ்ட் நல்லா ரீச் ஆகிட்டிருக்கு, இப்ப டெலீட் பண்ணா கமெண்ட்ஸ் எல்லாம் போயிடும். ஈவ்னிங் மாத்திடறோம்."

ஈவ்னிங் போய் விடிந்தும் விட்டது. இதை எழுதும்வரை அங்கே செத்துக் கிடப்பது நான்தான்.

என் படத்துக்காக மட்டும் நான் போன் போடவில்லை. கல்லறையிலிருந்து வந்ததும் அக்கா மகள் ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா பேசின ரெக்கார்டிங் அவங்ககிட்ட இருக்கும்ல? வாங்கித் தரீங்களா? கூடவே இருந்தோம்... அம்மா குரலைப் புடிச்சி வெக்கணும்னு தோணவே இல்ல."

அதைக் கேட்டேன். "இன்டர்ப்ரெட்டர் வாய்ஸ் எல்லாம் எடிட்டிங்ல எடுத்துட்டோம் மேடம், கீழ சப்டைட்டில் போட்டாச்சு. ஒரிஜினல் ஃபைல்ஸையும் அழிச்சிட்டோம்... ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்ல."

பதினெட்டு நாள்...

அதோடு விட்டாரா? "மேடம், அடுத்து கிரியேட்டிவா ஒரு ப்ராஜெக்ட் பண்றோம். அவங்க இடத்துக்கு ஆள் வேணும். நீங்க வரீங்களா? உங்களுக்கு நல்ல ஆப்பர்ச்சூனிட்டி."

மூடிய மண் இன்னும் ஈரம் காயவில்லை. போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு.

இன்று காலை பூஜை முடித்துவிட்டு என் போனை முழுக்கத் தேடினேன். ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. போன ஆடி வெள்ளியில் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா அனுப்பியது.

வருஷா வருஷம் எனக்குத் துணைக்கு வருவார். நான் உள்ளே ரேணுகாம்பாளைக் கும்பிட்டு வரும்வரை வெளியே மரத்தடியில் என் செருப்புக்குக் காவல். அப்புறம் இரண்டு பேரும் புளிசாதம்.

"இன்னா ரேணுகா, இன்னும் வூட்லயே சாமி கும்புட்டுகினு கீறியா? அங்க போயிதான கும்புடப் போற! பஸ்ஸு எடுக்கப் போறான். உனுக்கும் சேத்து சீட்டு போட்டு வெச்சிருக்கேன்... ஜல்தி வா!"

அவ்வளவுதான். பன்னிரண்டு விநாடி.

ஜெனிபருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா குரல் கேட்டது. பஸ்ஸு எடுக்கப் போறான்... மறுபடியும், பஸ்ஸு எடுக்கப் போறான்...

வெட்டாத முழுப் படத்தையும் இங்கே போட்டிருக்கிறேன். என் பக்கத்தில் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறவர்தான் ஸ்டெல்லா அக்கா. எனக்குப் போட்ட பூவையெல்லாம் எடுத்து அவருக்குப் போடுங்கள்.

போய் உட்காருங்க அக்கா. சீட்டு போட்டு வைங்க.

நான் வரக் கொஞ்சம் லேட்டாகும்.