பொத்தானில் வைத்த சந்தனம்

கொழும்பு வெள்ளவத்தையில் இன்னும் சில வீடுகளில் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் பெட்டிகள் பிளாஸ்டிக் உறை போட்டபடி இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். பெட்டி இங்கேயே நின்றுவிட்டது. அவற்றைத் திருத்துவதற்கு என்னைப் போன்ற சிலரைக் கூப்பிடுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கியவன். புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன். மருதானையில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையொன்றைக் கூட்டித் துடைத்தேன். அங்கேயே இந்த வேலையும் கைக்கு வந்தது. அலுத்துப்போனால் வேறு ஊருக்குப் போய்விடுவேன், காசு முடிந்தால் திரும்பி வருவேன். போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் மூன்று பேரோடு இருந்தேன்.

அந்த வருட விஜயதசமியன்று காலையில் சங்கீத டீச்சர் ஒருவர் ஃபோன் செய்தார். குரல் கரகரத்தது.

"தம்பி, கொம்பியூட்டர் ஓன் ஆகுது, உடனே நிண்டுபோகுது. வந்து பாக்கேலுமே?"

"நாளைக்கு வரலாங்களா டீச்சர்?"

"நாளைக்கு வந்து பிரயோசனமில்லை."

போனேன். ரயில் பாதைக்கு அருகே ஒழுங்கையில் ஒரு மாடி வீடு. டீச்சர் தனியாக இருந்தார். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மூச்சு ஒன்றை இழுத்து விடுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ரேமைக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன். அதே கதை. பையில் கொண்டுபோன பவர் சப்ளையை மாட்டினேன். அதற்கும் அதே கதை.

இன்றைக்கே ஏன் வேண்டும் என்று கேட்டேன்.

"தொண்டையில ஒப்பரேஷன் செய்தது, தம்பி. அதோட பாட்டு நிண்டுபோச்சு. அதுக்கு முதல் மகள் நான் பாடின ஒரு பாட்டைப் பதிஞ்சு இதுக்குள்ள வைச்சவ. வருஷத்தில ஒரு நாள், விஜயதசமிக்குப் போட்டுக் கேக்கிறனான்."

"ஃபோன்ல போட்டுக்கலாமே டீச்சர்."

"மகளும் சொன்னவ. ஃபோனில இருந்தா நினைச்ச நேரமெல்லாம் கேப்பன். பிறகு வீட்டில ஒரு வேலையும் நடக்காது."

ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் பாட்டும் போயிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. முன்பக்க மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அழுத்திய பொத்தான் உடனே வெளியே வராமல் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றது. சுற்றிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"இது என்னங்க டீச்சர், சந்தனமா?"

"ஓம். நேற்று சரஸ்வதி பூசையெல்லே. மற்ற ஆக்கள் புத்தகம் வைப்பினம், நான் இதைத்தான் வைக்கிறனான். வருஷா வருஷம் ஒரு பொட்டு."

வருடா வருடம் வைத்த பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இடுக்கில் இறங்கியிருந்தன. பொத்தானை யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்து, கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது. விளக்கிச் சொன்னேன்.

"அப்ப சரஸ்வதியே நிப்பாட்டிப்போட்டா எண்டு சொல்லும்."

"சரஸ்வதி மேல பழிய போடாதீங்க டீச்சர். எல்லாம் உங்க சந்தனம்தான்."

சிரித்தார். சிரிப்பிலும் காற்றுத்தான் அதிகம் வந்தது.

ஈரத் துணியாலும் பல் குத்தும் குச்சியாலும் சுரண்டி எடுத்தேன். பொத்தான் துள்ளி வெளியே வந்தது. கம்ப்யூட்டர் எழும்பியது. டீச்சர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தானே பாட்டைத் திறந்தார்.

எனக்குப் பாட்டுத் தெரியாது. ஒரு பெண் தன் வீட்டில், தன் நேரத்தில் பாடுகிற குரல் என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு ரயில் போனது. ஜன்னல் பக்கம் பார்த்தேன். தண்டவாளம் வெறுமையாக இருந்தது. ரயில் பாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. குரல் மேலே ஏறிய இடத்தில் டீச்சரின் கழுத்து நரம்பும் புடைத்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அம்மா என் நினைவுக்கு வந்தாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், மேட்டில் நின்று என்னைக் கூப்பிடுவாள். கூப்பிட்ட சொல் தெரிகிறது. கையை வாயருகே குவித்தது தெரிகிறது. குரல் மட்டும் இல்லை. அவள் செத்தபோது நான் மன்னாரில் ஒரு கட்டட வேலையில் இருந்தேன்; ஃபோன் என்னிடம் இருந்தது, அவளிடம் இருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் டீச்சர் கம்ப்யூட்டரை அணைக்கச் சொடுக்கினார். அது அணையாமல் நீலத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"இதையும் பாத்துடவா டீச்சர்?"

"வேண்டாம். அது எப்பவும் உப்பிடித்தான். தேத்தண்ணி குடிச்சு முடிய நிக்கும்."

தேநீர் கொண்டுவந்தார். குடித்தோம். வட்டம் சுற்றியது.

"டீச்சர், இன்னொரு தடவ போடுவீங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்லை, தம்பி. வருஷத்துக்கு ஒருக்காத்தான். அடுத்த விஜயதசமிக்குக் காலமை வாரும். இருந்து கேட்டிட்டுப் போம்."

திரை இருண்டது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இந்த வருடம் கட்டாருக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அறையில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். எனக்கும் இடம் இருக்கிறது, சீக்கிரம் சொல் என்கிறான் ஏஜென்ட். விஜயதசமி முடிந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன்.